பாதி ஊசி

பிப்ரவரி 3

அக்கா,

உன் வீட்டிலிருந்து ஊர் வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. மூன்று முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருந்திருக்கும் என்று நினைத்திருப்பாய். கூட்டமெல்லாம் இல்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் பேசினால் நீதான் ஜெயிப்பாய். "ஏய் சோடாபுட்டி"ன்னு ஆரம்பிப்பாய், நான் சிரித்துவிடுவேன், கேட்க நினைத்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து இதே கதைதான். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்று உன் குளியலறைக் குப்பைக்கூடையில் விழுந்தது. தேடுவதற்காகக் கூடையைக் கவிழ்த்தேன். டிஷ்யூ தாளில் நாலு சுற்றுச் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகள், கழுத்து உடைத்தவை. மேலே மருந்தின் பெயர் இருந்தது. மார்ஃபின். ஆஸ்பத்திரி மருந்து உன் வீட்டுக் குளியலறைக்கு எப்படி வந்தது?

இன்னொன்றும் பார்த்தேன். பதினொரு வருடமாகக் கண்ணாடிக் கடையில் நின்று தினமும் முப்பது பேருடைய கண்ணைப் பார்க்கிறவள் நான். மழை மூடி, வீடே இருட்டிக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலம் நீ என் எதிரில் உட்கார்ந்திருந்தாய். அந்த வெளிச்சத்தில் யாருக்கும் கண்பாவை விரிந்துதான் இருக்கும். உனக்குக் கடுகு மாதிரி சுருங்கிக் கிடந்தது. வேர்த்துக் கொட்டுகிற நாளில் முழுக்கைச் சட்டை வேறு.

கிளம்பும்போது கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாசலில் நின்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு"ன்னு பையை எடுத்து நீயே என் தோளில் மாட்டிவிட்டாய்.

இங்கே என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் வாய் திறக்கவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு. திட்ட மாட்டேன். அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

உன் தங்கை


பிப்ரவரி 10

கண்ணாடிக் கடை டாக்டரம்மா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய மருத்துவ அறிக்கை கிடைத்தது. பத்தொன்பது வருடம் நர்ஸாக இருப்பவளுக்குக் கண்பாவை பற்றிப் பாடம் எடுத்ததற்கு நன்றி. அடுத்த முறை வரும்போது நாக்கை நீட்டிக் காட்டுகிறேன், அதையும் பார்த்துச் சொல்லிவிடு.

அடியே, எங்கள் வார்டு எப்படி இருக்கும் தெரியுமா? ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் இருபத்துநாலு பேர். நாங்கள் மூன்று நர்ஸ். ஓடுகிற ஓட்டத்தில் காலிக் குப்பியை கவுன் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடுவோம். வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போதுதான் தெரியும். என் மகள் குருவி கையில் கிடைத்து அறுத்துக்கொள்ளப் போகிறாளே என்று சுற்றிப் போட்டேன். இது ஒரு குற்றமா?

கண்ணுக்கு வேறு காரணம். போன ஜூன் மாதம் ஒரு நோயாளியைப் புரட்டிப் போடும்போது முதுகுத் தட்டு விலகியது உனக்குத் தெரியும். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அப்படித்தான் செய்யும். முழுக்கைச் சட்டை எனக்குப் பிடித்திருக்கிறது, போட்டுக்கொண்டேன்.

அடுத்தவர் வீட்டுக் குப்பைக்கூடையைக் கிளறுகிற பழக்கத்தை விடு. குருவிக்கு மேல்வரிசையில் இன்னொரு பல் விழுந்துவிட்டது. பேசினால் விசில் அடிக்கிறது. உன்னைக் கேட்டாள்.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு கேள்விக்கு ஒரு பதில் போதுமே, ஏன் இத்தனை வேடிக்கை?

போன வாரம் கடைக்கு ஒரு நர்ஸம்மா வந்தார்கள். பிரேமைச் சரிசெய்துகொண்டே பேச்சுவாக்கில் கேட்டேன். "அந்த மருந்தா? அது ரெண்டு பூட்டுப் போட்ட அலமாரியில இருக்கும். காலிக் குப்பியைத் திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்ததே தருவாங்க. ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கெல்லாம் போக முடியாதும்மா" என்றார்கள்.

நேற்று மத்தியானம் குருவி போன் செய்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்.

"சித்தி, அம்மா நின்னுக்கிட்டே தூங்குறாங்க. பாத்திரம் தேய்க்கிற இடத்துல குழாய் ஓடிக்கிட்டே இருக்கு, அம்மா கண்ணை மூடிட்டாங்க. கூப்பிட்டா காது கேக்க மாட்டேங்குது. நான் கன்னத்தைத் தட்டுவேன். அப்புறம் 'என்னடி'ம்பாங்க."

"அடிக்கடி இப்படியா குருவி?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. நீங்க யாரோ இல்லையே சித்தி? உங்ககிட்ட சொல்லலாம்ல?"

ஒன்பது வயதுப் பிள்ளை அக்கா. தாயைத் தட்டி எழுப்புவது எப்படி என்று கற்று வைத்திருக்கிறாள். ஒரு நாள் தட்டியும் நீ எழுந்திருக்காவிட்டால்?

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் யார் என்று எழுது. நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன்.

தங்கை


மார்ச் 4

என் மகளிடம் என்னைப் பற்றி விசாரிக்கிற வேலையை இன்றோடு நிறுத்திக்கொள்.

அவள் கேட்காமலே சொன்னாளா? நீ "அப்புறம்? அடிக்கடியா?" என்று நூல் பிடித்து இழுத்தாய். எனக்குத் தெரியாதா உன்னை? காலை ஆறுக்குப் போய் மாலை வரை நின்று வேலை செய்துவிட்டு வருகிறவள் பாத்திரம் தேய்க்கும்போது கண் அசந்தால் அது கொலைக்குற்றமா? அவளுடைய அப்பா வேறொரு குடும்பம் தேடிக்கொண்டு போன பிறகு ஆறு வருடமாகத் தனி ஆளாக வளர்க்கிறேன். ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்திருந்தால் உனக்கு இந்த அலுப்பு புரிந்திருக்கும். பெறாதவள் எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தர வேண்டாம்.

டாக்டர் பெயரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வார்டில் இருக்கிற தலைவலி போதாதா? வலி மருந்துக் கையிருப்பு இரண்டு மாதமாக இடிக்கிறது. விசாரணை வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி, இருபத்திரண்டு வயது, "புதுசு" என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், குறைந்த நாளெல்லாம் அவள் கையெழுத்துதான் இருக்கிறது. போன திங்கட்கிழமை வேலையை விட்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவளுடைய அப்பா வந்து கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இந்தக் காலத்துப் பெண்கள். யாரை நம்புவது?

இந்த நேரத்தில் நீ மருந்து, குப்பி என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் அது என் தலையில்தான் வந்து விடியும். புரிகிறதா?


மார்ச் 11

அக்கா,

பெறாதவள் என்று எழுதியிருந்தாய். மூன்றாவது தடவை கலைந்தபோது என் கட்டில் பக்கத்தில் ஒரு வாரம் நாற்காலியில் தூங்கியவள் நீ. அப்படிப்பட்டவளை இதை எழுத வைத்தது எது என்று எனக்குத் தெரியும். அதனால் உன்மேல் கோபப்பட முடியவில்லை. வலிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ஒரே கேள்வி. அந்த மருந்தை அந்தப் பெண் எடுத்தாளா?

அவள் எடுத்தாள் என்று உன் கையால் எழுதி அனுப்பு. இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். எழுத முடியாவிட்டால் இந்த மாதம் முடிவதற்குள் மேட்ரனிடம் நீயே போய்ச் சொல். சொல்லாவிட்டால் நான் வருவேன்.

தங்கை


மார்ச் 19

எடுத்தது அவள் இல்லை. நான்.

இந்த ஒரு வரிக்கு நாலு தாள் கிழித்துவிட்டேன். "அவள்தான்" என்று ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். கை எழுதிவிட்டது. உறையில் போட முடியவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்பாய். ஜூன் மாதம் முதுகு போன பிறகு இரண்டு வாரம் லீவு எடுத்தேன். ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள், குணமாவதற்குள் போய்விட்டேன். ஒரு நாள் ஒரு நோயாளிக்குப் பாதி ஊசிதான் எழுதியிருந்தார்கள். மீதிப் பாதியைச் சாட்சி வைத்துக்கொண்டு வாஷ்பேசினில் பீச்சிவிட வேண்டும். சாட்சிக்கு வர வேண்டியவள் வேறு படுக்கைக்கு ஓடிவிட்டாள். முதுகு வெட்டி வெட்டி இழுக்கிறது. கையில் பாதி மருந்து. எப்படியும் வீணாகப் போகிறதுதானே என்று தோன்றியது. அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

வலி மட்டும் போயிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். குருவியின் அப்பா விட்டுப் போனது, வாடகை வீட்டின் ஒழுகுகிற சுவர், நாளைக் காலை ஆறு மணி, எல்லாமே பத்து நிமிடத்தில் தூரமாகப் போய்விட்டது. யாரோ என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசியாக என்னை அப்படி யார் வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

முதுகுவலி ஒரு மாதத்தில் போய்விட்டது. ஊசி போகவில்லை. போடாத நாளில் மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் குடையும், குருவி பேசுகிற சத்தம்கூட அடிக்கிற மாதிரி இருக்கும். பாதி ஊசி மிச்சமாகாத நாட்களில் நானே மிச்சம் பிடிக்க ஆரம்பித்தேன். நோயாளிக்குப் பாதி, எனக்குப் பாதி. அவர்களுக்குக் குறைகிற பாதிக்கு உப்புத்தண்ணீர்.

ஏழாம் படுக்கையில் ஒரு பெரியவர். லாரி ஓட்டியவர். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தார்.

"சிஸ்டர், மருந்து ஏறலையோ?"

"ஏறிடுச்சு ஐயா. கொஞ்சம் பொறுங்க."

"அப்ப நான்தான் தாங்கமாட்டாதவனா இருக்கேன். தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கம்மா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார் அடியே. அவருக்குப் போக வேண்டிய மருந்து அப்போது என் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

அப்புறம் பாதியும் போதவில்லை. முழுக் குப்பியாக வீட்டுக்கு எடுத்து வந்தேன், பதிவேட்டில் யார் பெயரிலாவது எழுதினேன், காலிக் குப்பி கேட்டால் விழுந்து நொறுங்கிவிட்டது என்றேன். சாட்சிக் கையெழுத்துக்குப் புதுசைக் கூப்பிடுவேன். "போடும்மா, நான் பார்த்துட்டேன்" என்பேன். போடுவாள். நான் சொன்னால் வெற்றுத் தாளில்கூடப் போடுவாள்.

தெரிந்துவிட்டது இல்லையா? இனி நான் சொல்வதைக் கேள். மேட்ரனிடம் போனால் வேலை போகும், போலீஸ் வரும், குருவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன். வீட்டிலேயே இருந்து ஊசியை விட்டுவிடுகிறேன். எத்தனை பேருக்கு நானே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், எனக்கு வழி தெரியும். உன் காலில் விழுகிறேன். பத்து நாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.


மார்ச் 24

அக்கா,

கடையின் பின்பக்கம், லென்ஸ் தீட்டுகிற இயந்திரத்தின் அருகில் நின்று படித்தேன். இயந்திரச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

சொல்லிவிட்டாயே, அதற்காக உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. அந்த லாரிக்காரரை நினைத்தால் அதே கையை உதறவும் தோன்றுகிறது. இரண்டும் உண்மை. மறைக்கவில்லை.

இதைத் தனியாக நிறுத்த முடியாது, ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும் என்று படித்தேன். நான் வருகிறேன், சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் குருவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற வரியைப் படித்ததும் எழுதிய வரியை அடித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் "இப்பவே போய்ச் சொல்லு, தள்ளிப் போடாதே" என்கிறார். நான் அவரோடு சண்டை போட்டுவிட்டு உனக்குப் பத்து நாள் தருகிறேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி நீ மேட்ரன் முன்னால் நிற்க வேண்டும். நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

பத்து நாளும் குருவியை இங்கே அனுப்பு என்று சொன்னால் பள்ளிக்கூடம் என்பாய். சரி. தினமும் அவளை எனக்குப் போன் பண்ண விடு.

கடிதத்தைக் கிழிக்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 3

சோடாபுட்டி,

ஒன்பது நாள் ஆகிவிட்டது. முதல் மூன்று நாள் நரகம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன். நேற்று ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்தேன். குருவிக்குப் பின்னல் போட்டுவிட்டேன். "அம்மா, உங்க கண்ணு பெரிசாயிடுச்சு"ங்கிறாள். நீ சந்தோஷப்படுவாய் என்று எழுதுகிறேன்.

இப்படிச் சரியான பிறகு மேட்ரனிடம் போய் எதைச் சொல்வது? கொஞ்சம் யோசி. முடிந்துபோன ஒன்றுக்காக ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதா? புதுசுக்குச் சின்ன வயது. வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிடும். நானே ஒரு இடத்தில் சொல்லி வைக்கிறேன். ஐந்தாம் தேதி நீ வர வேண்டாம். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். இரண்டு வாரம் போகட்டும், பேசிக்கொள்ளலாம்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

உன் வார்டுக்கு ஒரு மாடி கீழே, தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குக் கண் தெளிந்ததும் கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் தருவேன். நேரில் சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் மாற்றிப் பேசிவிடுவேன்.

நீ வேலைக்குத் திரும்பிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, பாதி டியூட்டியில் வீட்டுக்கு வந்திருக்கிறாய். பிற்பகல் குருவி பள்ளி விட்டு வந்தாள். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. நீ தரையில் கிடந்தாய். கன்னத்தைத் தட்டினாள். எப்போதும் போல எழுந்திருப்பாய் என்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். உதடு நீலமாக இருப்பதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூட்டி வந்தாள். அவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உன் வாயில் மூச்சு ஊதிக்கொண்டிருந்தார். எதிர்மருந்து போட்ட பிறகுதான் நீயாக மூச்சு விட்டாய்.

டாக்டர் சொன்னார்: "ஒரு வாரமாவது விட்டிருக்காங்க. உடம்பு பழைய அளவைத் தாங்குற சக்தியை இழந்திருச்சு. பழைய அளவையே போட்டிருக்காங்க. இப்படித்தான் நிறையப் பேர் போயிடுறாங்க." ஆக, நீ விட்டது பொய்யில்லை. விட்டது உண்மை என்பதுதான் உன்னைக் கொல்லப் பார்த்தது. அது எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருட நர்ஸான உனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டாய்.

நான் கொடுத்த பத்து நாளும், உன் கடிதத்தை நம்பி ஐந்தாம் தேதி வராமல் இருந்ததும்தான் இது. அதை நான் சுமந்துகொள்கிறேன். இனி ஒரு நாள்கூடத் தர மாட்டேன்.

நேற்று மேட்ரனைப் பார்த்தேன். மார்ச் 19 தேதியிட்ட கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். படித்து முடித்துக் கடிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு "ஏழாம் படுக்கை" என்று மட்டும் சொன்னார்.

குருவியை என்னோடு அழைத்துப் போகிறேன். "நான் தட்டினது சரியாத் தட்டலையா சித்தி?" என்று கேட்கிறாள்.

தங்கை


மே 2

இந்தப் போதைச் சிகிச்சை மையத்தில் வாரம் ஒரு கடிதம் எழுதலாம் என்கிறார்கள். என் முதல் கடிதம் உனக்கு.

நான் உன்னை நம்பி எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அடுத்தவர் மேசையில் வைத்தாய். போலீஸ்காரர் அதை என் முன்னால் வாசித்தார். ஒவ்வொரு வரியாக. மடி என்று எழுதியிருந்தேனே, அந்த வரியையும். வேலை போயிற்று, நர்ஸ் பதிவையும் முடக்கிவிட்டார்கள், வழக்கு நடக்கிறது. பிள்ளையும் உன் வீட்டில். உனக்கு இல்லாதது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இரு.

இனி எனக்கு எழுதாதே. எனக்குத் தங்கை கிடையாது.


மே 30

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் வைத்திருந்தாலும் பரவாயில்லை.

அந்தப் புதுசை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வார்டில் இருந்த உன் துணிமணிகளை எடுக்கப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். உன் சார்பில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் கை காட்டி நிறுத்திவிட்டாள்.

"அவங்களை மன்னிச்சிருன்னு கேக்காதீங்க அக்கா. எனக்கு நரம்பு பாத்து ஊசி போடக் கத்துக்குடுத்ததே அவங்கதான். முதல் நாள் என் கை நடுங்கிச்சு, பின்னாடி நின்னு என் முழங்கையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்படிப்பட்டவங்க எதுக்கு எனக்கு இப்படிப் பண்ணாங்க? எங்கப்பா நாப்பது நாள் வெளியவே போகல."

சொல்லிவிட்டு டியூட்டிக்கு ஓடிவிட்டாள். ஆனால் படிக்கட்டில் நின்று திரும்பி, "உயிரோட இருக்காங்கள்ல?" என்று கேட்டாள்.

குருவிக்குப் புதுப் பள்ளியில் ஒரு தோழி. முதல் இரண்டு வாரம் நான் கண்ணை மூடினாலே வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள். இப்போது குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு ஊசி மருந்தால் வந்த நோய், டாக்டர்கள் பார்க்கிறார்கள், நீ தட்டினது சரியாகத்தான் தட்டினாய் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு இல்லாதது கிடைத்துவிட்டது என்றாய். ஒவ்வொரு ராத்திரியும் அவள் உன்னைத்தான் கேட்கிறாள்.

தங்கை


ஜூலை 20

அடியே,

உன் கடிதம் ஒரு மாதமாகத் தலையணைக்குக் கீழே பிரிக்காமல் கிடந்தது. போன வாரம்தான் பிரித்தேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு சமையல்காரர் இருந்தார். குடிதான் அவருக்கு. கல்யாண வீடுகளில் முந்நூறு பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைத்தவர், இங்கே வந்தபோது தண்ணீர் டம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது. எல்லாரையும் சிரிக்க வைப்பார். எனக்கு "ஹெட் சிஸ்டர்" என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஆறு வாரத்தில் கை நிலைத்துவிட்டது. "எனக்குச் சரியாயிடுச்சும்மா, பொண்ணு மொகத்தைப் பாக்கணும்" என்று டாக்டர் தடுத்தும் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். மூன்றாவது வாரம் மறுபடி குடித்துச் செத்துப்போனார். தகவல் சொன்ன அன்று அவர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நிஜமாகவே நம்பினார். ஏப்ரல் மாதம் ஜன்னல் கம்பியைத் துடைத்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன்.

அன்று சாயங்காலம் விசாரணை அதிகாரிக்கு எழுதினேன். புதுசு போட்ட கையெழுத்து எல்லாம் என்னை நம்பிப் போட்டது, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று. ஏழாம் படுக்கைக்காரருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

மே மாதம் உனக்கு எழுதியதில் ஒரு வரிக்காவது நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்த வரி என்று உனக்குத் தெரியும். நீ அந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

இப்போது ஒரு உதவி. அடுத்த மாதம் இங்கே மூன்று மாதம் முடிகிறது. மொத்தம் ஒன்பது மாதம் இருக்க வேண்டும் என்கிறார்கள். பாதியில் போக விரும்பினால் தடுக்க மாட்டார்கள், வீட்டார் வந்து கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டார் நீதான். நான் உன்னிடம் கேட்பேன். எனக்கு என்னைத் தெரியும். எனக்குச் சரியாகிவிட்டது என்பேன். குருவியைப் பார்க்காமல் செத்துவிடுவேன் என்பேன். அழுவேன். உன்னைக் குத்துவேன், பழைய இடத்திலேயே. வராதே. பிள்ளையையும் அனுப்பாதே.

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை. நான் கேட்கும்போது எனக்கே திருப்பி அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 28

அக்கா,

இந்த மாதம் நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றையும் முழுக்கப் படித்தேன். மூன்றாவதை என் வீட்டுக்காரர் பாதியில் வாங்கி வைத்துவிட்டார்.

கையெழுத்துப் போட வர மாட்டேன். குருவியை அனுப்ப மாட்டேன். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் வர மாட்டேன்.

ஜூலை மாதம் ஒருத்தி எனக்கு எழுதினாள். அவள் சொன்னபடிதான் செய்கிறேன். அவள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கை


செப்டம்பர் 6

தங்கைக்கு,

கிடைத்தது. என் கையெழுத்தைப் பார்த்ததும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்துக் கட்டில் ஆசிரியை காதைப் பொத்திக்கொண்டார். கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். மறுநாள் காலை பெருக்க வருவதற்குள் எடுத்து நீவிப் படித்தேன்.

பத்து மணிக்கு டாக்டர் அறைக்குப் போய், வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்த தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

ஜூலைக் கடிதத்தை மறுபடி மடித்து இதனுள் வைத்திருக்கிறேன். மூலையில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, ஒட்டிக்கொள். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

அக்கா